பெரிய நாய்

நவ. 3, திங்.

விடியற்காலையிலிருந்து மழை. கடைவாய்ப் பல் வலி. கிராம்பு வைத்தும் அடங்கவில்லை.

பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து முடிந்ததும் துரை கூப்பிட்டார். ஓடையோரம் ஏதோ மிருகத்தின் கால்தடமாம். என்ன மிருகம் என்று பார்த்து மாலைக்குள் எழுதித் தர வேண்டுமாம். துணைக்கு ஓர் இங்கிலீஷ் புத்தகம், விதவிதமான பாதங்களின் படம் போட்டது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவனுக்கு ஆடு மாட்டைத் தவிர எதன் காலைத் தெரியும்? செமினி ரப்பர் தோட்டத்துக்குக் கிராணியாக வந்தது கணக்கு எழுத. காலைக் குனிந்து பார்க்க அல்ல.

நான் போவதற்குள் லயத்து வீடுகளில் பாதிப் பேர் பார்த்தாகிவிட்டது. பார்ப்பது என்றால் அதன் மேலேயே ஏறி நின்று பார்ப்பது. மிச்சம் இருந்தவை:

நண்டு ஓடு கலந்த எச்சம். நீர்நாய். (கங்காணி மாரிமுத்து கொக்கு என்கிறார். வாதாடத் தெம்பில்லை.)

சேற்றில் கால்களுக்கு நடுவே ஒரு கோடு. உடும்பு, வாலை இழுத்துப் போனது.

ரப்பர் மரத்தில் முழங்கால் உயரத்துக்கு அப்பிய சேறு. பன்றி, முதுகு தேய்த்தது.

வட்டமாக ஒன்று. சாஸரைவிடப் பெரிது. புத்தகத்தைப் பிரிப்பதற்குள் கங்காணி அளந்து காட்டுகிறேன் என்று பக்கத்தில் தன் காலை வைத்தார், வழுக்கினார், அதன் மேலேயே உட்கார்ந்தார். தடம் போச்சு. வேட்டியும் போச்சு.

ஓடையை ஒட்டிய மர நிரைகளில் பால் வெட்டுகிறவள் அஞ்சலை. புருஷன் இல்லை, கைக்குழந்தை ஒன்று. அந்த மிருகம் தண்ணீர் குடித்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள்தான்.

"என்னத்தைப் பார்த்தே?"

"பெரிய நாய்ங்க ஐயா."

"நல்லாப் பார்த்தியா?"

"ஆமாங்க, பெரிய நாய்தான்" என்று கங்காணியும் தலையாட்டினார்.

அப்பாடா என்றிருந்தது. 'நாய் ஒன்று, பெரியது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து படுத்தேன்.

நவ. 4, செவ்.

மழை விட்டது. பல் விடவில்லை.

துரையின் உத்தரவு: லயத்து நாய்களைக் கட்டிப் போட வேண்டும், திரிகிற நாயைச் சுட வேண்டும், ஓடையோர வேலை வழக்கம் போல. பெரட்டில் அஞ்சலை நகரவில்லை. மற்ற எல்லோரும் என்னையே பார்த்தார்கள், நான்தான் ஏதோ செய்துவிட்டது போல.

"போகலன்னா வேலை இல்லைங்கிறாங்க ஐயா. நீங்க எழுதிக் குடுக்கலையா?"

"எழுதினேனே. நாய்னு நீதானே சொன்னே!"

"நான் எங்கே நாய்னு சொன்னேன்? பெரிய நாய்னு சொன்னேன்."

கங்காணி என்னை ஸ்டோருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காதில் சொன்னார். இங்கே யாரும் அதன் பேரைச் சொல்வதில்லையாம். தண்ணீர்க்கரையில் சொல்லவே கூடாதாம். சொன்னால் கூப்பிட்டதாக நினைத்து வந்துவிடுமாம்.

"அப்ப நாயை என்னன்னு சொல்வீங்க?"

"நாய்னுதான்."

"நாய் பெருசா இருந்தா?"

"குண்டு நாய்."

எனக்கு மண்டை வெடித்துவிடும் போல் இருந்தது. தோட்டம் முழுக்கத் தெரிந்திருக்கிறது, கிராணியிடம் சொல்ல ஒருவருக்கும் வாயில்லை. கேட்டால், "உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சோம்."

பங்களாவுக்கு ஓடினேன். துரை தமிழ்ப் பரீட்சை பாஸ் செய்தவர். என்னிடமும் இங்கிலீஷ் பேச மாட்டார்.

"நேத்து நீ நாய் சொன்னான். இன்னிக்கு புலி சொல்றான். நாளைக்கு ஆனை சொல்வானா?"

பேர் விஷயத்தை விளக்கினேன். சிரித்தார். நகக்குறி இல்லாத நல்ல தடம் ஒன்று காட்ட வேண்டுமாம், புலி நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளுமாம், புத்தகத்தில் இருக்கிறதாம். அதுவரை வேலை நிற்காது.

நவ. 5, புத.

அஞ்சலையோடும் கங்காணியோடும் ஓடைக்கு. ராத்திரி மழையில் கரை பாதி கரைந்திருந்தது. நீர்நாய் உண்டு, பன்றி உண்டு, ஒரு மரத்தில் கரடி கீறியதும் உண்டு. வேண்டியது மட்டும் இல்லை. கடைசியில் மூங்கில் அடியில் ஒன்று கிடைத்தது. நகம் இல்லை. மழையில் அழியாதபடி ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துரையைக் கூப்பிடப் போனேன். துரை ஊரில் இல்லை, காஜாங் போயிருக்கிறார். திரும்பி வந்தால் டின்னைக் காணோம். நல்ல டின்னாம், யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். எடுத்தவர் நின்ற இடமும் தடத்தின் மேல்தான்.

இந்த ஜனங்களை வைத்துக்கொண்டு என்ன செய்ய!

அஞ்சலை பால் வெட்டினாள். அது அண்டாமல் இருக்கப் பக்கத்தில் கங்காணி தகரம் தட்டிக்கொண்டு நின்றார். வாளியைத் தூக்கும்போது என்னைக் கேட்டாள்:

"எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா புள்ளைய யாருங்க ஐயா பாப்பாங்க?"

எல்லாம் நான் எழுதிய ஒரு வரியால். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. பல்லால் இல்லை.

நவ. 6, வியா.

வெயில். துரை ரோவரோடு வந்தார். ரோவர் அவர் வீட்டு நாய். துரைசாணியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேக் சாப்பிடுவது.

கங்காணி கண்டுபிடித்துவிட்டார், புதுத் தடம், இன்னும் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. "துரை, இங்கே!" என்று நான் கத்த, ரோவர் முந்திக்கொண்டு ஓடி அதை மிதித்து மோந்து நின்றது. துரை குனிந்தார், புத்தகத்தைப் பிரித்தார்.

"நகம் இருக்குது கிராணி. இது நாய்."

"அது உங்க நாயோட நகம் துரை!"

கத்தியே சொல்லிவிட்டேன். துரையிடம் கத்தியது இதுவே முதல் தடவை. அவர் முகம் சிவந்தது. அதற்குள் ரோவர் மோப்பம் பிடித்துக்கொண்டு பெரணிப் புதருக்குள் நுழைந்துவிட்டது.

ஒரு சத்தம். அரைச் சத்தம் என்று சொல்ல வேண்டும்.

துரை பேர் சொல்லிக் கூப்பிட்டார். விசிலடித்தார். துப்பாக்கியை மேலே காட்டிச் சுட்டார். பிறகும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கங்காணிதான் அவர் கையைத் தொட்டு, "வாங்க துரை, போயிடலாம்" என்றார்.

மத்தியானத்துக்குள் உத்தரவு: ஓடையோர நிரைகள் எல்லாம் மூடியாச்சு. ஒருவரும் போகக் கூடாது. ஒரு பெண்பிள்ளைக்காகக் கேட்டபோது தடம் கொண்டா, நகம் இல்லாமல் கொண்டா. தன் நாய் என்றதும் அத்தாட்சி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. சந்தோஷப்பட வேண்டியவன், உத்தரவைத் தமிழில் எழுதும்போது ஆத்திரத்தில் பேனா முள்ளை வளைத்துவிட்டேன்.

நவ. 7, வெள்.

அஞ்சலைக்குக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைப் பக்கம் புது நிரை. வேலை முடிந்து ஆபீஸுக்கு வந்தாள். குளித்து, வெளுத்த சேலை, குழந்தை இடுப்பில். பங்களாவுக்குத் துக்கம் கேட்கப் போகிறாளாம், துரைசாணியிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லையாம்.

"நாய்க்கு யாராவது துக்கம் கேப்பாங்களா? சிரிப்பாங்க, போ."

"சிரிக்கட்டும் ஐயா. எனக்கு வந்ததை அது வாங்கிட்டுப் போயிருக்கு."

சட்டையை மாட்டிக்கொண்டு நானும் கூடப் போனேன்.