டைனமோவுக்கு ஒரு செம்புத் தண்ணீர்

மாதா துணை

கோலா சிலாங்கூர்,
19 டிசம்பர் 1954, ஞாயிறு.

அன்புள்ள டொரீனுக்கு,

முதலில் சேதி. டைனமோ ஓடிவிட்டது. லோரிகள் வரவில்லை. உன் அம்மாவும் அப்பாவும் தோட்டத்து லயத்தில் தங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று ஒற்றைக் காலில் நின்றாயே, அந்த வீடு உனக்கு இருக்கிறது. மீதியை மெதுவாகப் படி. உன் சுகத்தைக் கேட்கவில்லை என்று கோபிக்காதே. கான்ஸ்டன்ஸ் அக்கா தவறாமல் எழுதுகிறார். உன் கால் வீக்கம் வடிந்ததும் தெரியும், அவர் வீட்டு ஊறுகாய் ஜாடி காலியானதும் தெரியும்.

வெள்ளம் வந்ததும் உன்னைச் சிரம்பானில் கான்ஸ்டன்ஸ் அக்கா வீட்டுக்கு அனுப்பினோம். அதற்குப் பிறகு நடந்ததை உனக்கு யாரும் எழுதவில்லை. எஸ்டேட் என்ஜின் கொட்டகை முழுகிப்போய், முள்வேலி விளக்குகள் எல்லாம் அணைந்துவிட்டன. இந்த அவசரகாலத்தில் விளக்கில்லாத லயத்தில் ஆள் இருக்கக்கூடாதாம். காட்டில் பதுங்கிய கம்யூனிஸ்டுக்காரர்களுக்கு இருட்டில் யார் அரிசி கொடுக்கிறார்கள் என்று காவலுக்குத் தெரியாதாம். சனிக்கிழமை ஊரடங்குக்குள் விளக்கு எரிய வேண்டும், இல்லாவிட்டால் ஞாயிறு காலை எல்லாக் குடும்பங்களையும் லோரியில் ஏற்றி வேறு எஸ்டேட் முகாமுக்குக் கொண்டுபோய்விட்டு, லயத்தைப் பிரித்துப்போடுவது என்று உத்தரவு. உனக்குச் சொல்லக்கூடாது என்று உன் அம்மா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு சிரமம் என்று உனக்குத் தெரியாதா?

புது டைனமோ கேட்டுத் துரை சிங்கப்பூருக்குத் தந்தி அடித்தார். அடுத்த மாதம்தான் வரும் என்று பதில். நான் நேரே ஆபீசுக்குப் போய், பழையதையே காய வைத்துத் தருகிறேன் என்றேன். கணக்கெழுதும் கிராணி கார்த்திகேசு, "என்னா தம்பி, இது கருவாடா லா காய வைக்கிறதுக்கு?" என்று சிரித்தார். உன் அப்பா அங்கேதான் நின்றார். நான் அரசாங்க வேலையை விட்டு ஈரம் காய வைக்கும் தொழில் தொடங்கியதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. "மருமகன் என்னா வேல பாக்குறாருன்னு கேட்டா, காத்து விக்கிறாருன்னு சொல்ல வேண்டியதா இருக்கு" என்று என் காதில் விழும்படியே சொன்னார். நான் போய் டைனமோவைக் கழற்றினேன்.

முதல் வேலையாக அதன்மேல் நல்ல தண்ணீரைப் பீப்பாய் கணக்கில் ஊற்றிக் கழுவினேன். காய வைக்க வந்தவன் நனைக்கிறானே என்று லயமே கூடி வேடிக்கை பார்த்தது. சேற்றை உள்ளே வைத்துக்கொண்டு காய வைத்தால் என்ன பயன்? ரப்பர் ஷீட்டைப் புகை போடும் கொட்டகையைக் கேட்டு வாங்கி, டைனமோவை உள்ளே தள்ளி, வெளியே தகர டிரம்மில் நெருப்புப் போட்டு, சின்ன பெட்ரோல் மோட்டாரில் ஓடும் என் காற்றாடிப் பெட்டியால் குழாய் வழியாகச் சூட்டை மட்டும் உள்ளே அனுப்பினேன். புகை போகவில்லை. கூரைக் கதவுகளைத் திறந்தே வைத்தேன். சூடு வீணாகிறது என்று ஆளுக்கு ஆள் வந்து மூடப் பார்த்தார்கள். ஈரம் எந்த வழியாகப் போகும், உங்கள் மூக்கு வழியாகவா என்று கேட்டேன். பிறகு யாரும் பக்கத்தில் வரவில்லை.

எரிப்பதற்குச் சுங்கை பஞ்சாங் ஆலையிலிருந்து உமி கொண்டுவந்தேன். கேட்டில் இருந்த போலீஸ்காரன் மூட்டையெல்லாம் குத்திப் பார்த்தான். "உமி இங்க இருக்கு. அரிசி எங்கய்யா?" என்கிறான். ஆலையில் கேள் என்றேன். சட்டைப் பையைக்கூட உதறிக் காட்ட வேண்டியதாயிற்று.

டைனமோ காய்ந்ததா என்று பார்க்க என்னிடம் ஒரு கருவி உண்டு, மெக்கர் என்று பெயர். கைப்பிடியைச் சுற்றினால், செம்புக் கம்பிச் சுற்றிலிருந்து மின்சாரம் கசிகிறதா என்று முள் காட்டும். முள் ஏறினால் நல்லது. சூடு ஏறத் தொடங்கியதும் முள் கீழே விழுந்தது. அப்படித்தான் விழும், உள்ளே ஒளிந்த ஈரம் கிளம்புகிறது என்று படித்திருக்கிறேன். படித்தது வேறு, பார்த்துக்கொண்டு நிற்பது வேறு. பொறுமை எனக்குக் கடையில் வாங்கிக் கொடுத்தாலும் தங்காது. ஆனாலும் நின்றேன். சனிக்கிழமை காலையில் முள் நிமிர்ந்து ஏறியது. என்ஜினைப் பார்க்கப் போனேன்.

திரும்பி வந்தால் டைனமோவுக்குப் பூசை நடக்கிறது! அடுத்த வீட்டு வள்ளியம்மா குங்குமப் பொட்டு வைத்து மஞ்சள் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். உன் அம்மா சும்மா இருப்பாரா? மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தைச் செம்பு நிறையக் கவிழ்த்துவிட்டார். மெக்கரைச் சுற்றினேன். முள் செத்துக் கிடந்தது.

நான் போட்ட சத்தம் துரை பங்களா வரை கேட்டிருக்கும். உன் அம்மா அசையவில்லை. "மாப்பிள்ள பீப்பா பீப்பாயா ஊத்துனா வைத்தியம், நான் ஒரு செம்பு ஊத்துனா குத்தமா?" என்றார். வள்ளியம்மா, "ரோசரிக்கா ஊத்துனதுலதான் கெட்டுப்போச்சு, என்னது கொஞ்சந்தான்" என்கிறார். நான்தானே முதலில் வழி காட்டினேன்.

அப்போது உன் அப்பா எழுந்தார். வீடுகளைக் காய வைக்க வைத்திருந்த மற்ற காற்றாடிப் பெட்டிகளையும் ஆள் சேர்த்துத் தூக்கிவந்தார். மத்தியானம் முழுவதும் தகரக் குழாயை ஈரச் சாக்கால் பிடித்துக்கொண்டு, நான் காட்டிய இடத்துக்கெல்லாம் சூட்டைத் திருப்பினார். உள்ளங்கை சிவந்துவிட்டது. முள் ஏற ஏற என் முகத்தைப் பார்க்கிறாரே தவிர, முள்ளைப் பார்க்கவில்லை.

ஊரடங்குச் சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால் என்ஜினைக் கிளப்பினோம். வேலி நெடுக விளக்கு ஒவ்வொன்றாகச் சிவந்து, பிறகு வெள்ளையாக எரிந்தது. லயமே கத்தியது. வள்ளியம்மாவும் உன் அம்மாவும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். யார் தண்ணீரால் எரிந்தது என்ற சண்டை இன்று காலைதான் தொடங்கியது. துரை என் கையைக் குலுக்கினார். கிராணியிடம் உன் அப்பா, "என் மருமகன் காத்துதான் விக்கிறாரு. வேணும்னா சொல்லுங்க, நான் பேசி வாங்கித் தர்றேன்" என்றார். கார்த்திகேசு தன் ஆபீஸ் சுவரைக் காய வைக்க வரச்சொல்லியிருக்கிறார். வேறு எஸ்டேட்டுகளிலிருந்தும் ஆள் வந்துவிட்டது. இன்னும் இரண்டு பெட்டி செய்ய வேண்டும். உன் டக்ளஸ் பிழைத்துக்கொள்வான், நீ கவலைப்படாதே.

கிறிஸ்துமஸுக்குள் வந்துவிடு. கோலாலம்பூர் வரை பகல் ரயிலில் வா, ஸ்டேஷனில் நிற்பேன். தோட்டத்துக் குறுக்கு வழி வேண்டாம், கிள்ளான் ரோட்டிலேயே வெளிச்சம் இருக்கும்போது கூட்டி வந்துவிடுகிறேன். மருத்துவச்சியிடம் சொல்லிவிட்டேன். இரவில் வேலிக் கதவைத் திறக்கப் பாஸும் எழுதி வாங்கிவிட்டேன்.

உனக்கு ஒதுக்கிய அறையில் பெட்டி இன்னும் ஓடுகிறது. பலகைச் சுவருக்கு மெக்கர் கிடையாது. காலையும் மாலையும் கன்னத்தை வைத்துப் பார்க்கிறேன். காய்ந்துவிட்டது என்றுதான் படுகிறது. ஆனால் இந்த ஒன்றில் என் கணக்கை நானே நம்பவில்லை, டொரீன். நீ வந்து உன் கன்னத்தை வைத்துப் பார்த்துச் சொல். மாதா உங்கள் இருவரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்,
டக்ளஸ்