சுவர் இன்னும் வைக்கவில்லை

டகோராடி
11 ஏப்ரல் 2023

எக்கோ அண்ணாவுக்கு,

என் கடைசி வருடத்தைக் கெடுத்தது நீ.

வெள்ளிக்கிழமை காலையில் லேப்டாப்பைத் திறந்தேன். படத்திருத்த மென்பொருள் திறக்கவில்லை. கட்டணம் வரவில்லை, அட்டை ஏற்கப்படவில்லை என்று மூன்று வரி மட்டும் வந்தது. மார்ச் மாதத்துக்குக் கட்டிவிட்டதாக நீ என்னிடம் சொன்னாய். கட்டவில்லை. ஜூன் 16ஆம் தேதி நான்கு மணிக்குள் இறுதிப் படைப்பைக் கொடுக்காவிட்டால் எனக்குப் பட்டயம் கிடையாது. ஒரு வருடம் காத்திருந்து மறுபடி கட்டணம் கட்ட வேண்டும். யார் கட்டுவது?

மாணவர் விலைக்கு வாங்கேன் என்று போன வருடம் கேட்டாய். இந்த முறை கேட்காதே. கல்லூரி தருகிற மெயில் முகவரி இருந்தால்தான் அந்த விலை. வருடக் கட்டணத்தை முழுக்கக் கட்டியவர்களுக்குத்தான் கல்லூரி அந்த முகவரியைத் தருகிறது. ஆகவே அப்பா துறைமுகத்தில் அதிகாரியாக இருக்கிற பெண்கள் பாதி விலைக்கு வாங்குகிறார்கள். ஷாமாவில் மீனுக்குப் புகை போடுகிறவளின் மகள் நான் முழு விலை கொடுக்கிறேன். கல்லூரிக் கணினி அறைக்கும் இதே சட்டம்தான். பாக்கி வைத்தவர்களின் அடையாள அட்டைக்கு அந்தக் கதவு திறக்காது.

வகுப்புப் பையன்கள் திருட்டுப் பிரதியைப் பென் டிரைவில் வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டுத்தான் முதல் வருடத்துப் படங்களை எல்லாம் வைரஸுக்குக் கொடுத்தேன். இன்னொரு முறை மாட்டேன்.

ஈஸ்டருக்கு நீ அனுப்பிய படம் பாதியில் நிற்கிறது. உனக்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் தாள்களை எடுத்துவிட்டேன். சுவர் இன்னும் வைக்கவில்லை. இப்போது அந்தப் படத்தில் நீ எங்கேயும் நிற்கவில்லை.

பதில் போடு. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பாதே, அது நைந்துபோய் வருகிறது. எப்போதும்போல மெயிலில் அனுப்பு.

உன் தங்கை
அராபா

*

ஃபோஜா
15 ஏப்ரல் 2023

என் கோபக்கார அராபாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை பயம் வந்தது. இரண்டாம் தடவை அம்மா கரண்டியோடு நிற்பது போலிருந்தது.

நடந்தது இதுதான். வங்கியில் எனக்கு ஒரு சின்னச் சிக்கல். அதனால் இப்ரா என்கிற செனகல்காரனிடம் காசைக் கொடுத்து, அவன் அட்டையிலிருந்து உனக்குக் கட்டிவந்தேன். இரண்டு வருடமாக அப்படித்தான். அவன் பிப்ரவரி கடைசியில் வடக்கே வேலைக்குப் போனான். காசை வாங்கிக்கொண்டுதான் போனான். போன் எடுப்பதில்லை. இன்னொரு ஆளைப் பிடித்துவிடுவேன். கொஞ்சம் பொறு.

இங்கே இத்தாலியில் ஆஸ்பராகஸ் தண்டு வெட்டுகிற காலம். நாள் முழுக்கக் குனிந்திருப்பதில் ஒரு வசதி உண்டு. யாரோடும் பேச வேண்டியதில்லை. நேற்று யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். வேறு எக்கோ. அவனும் நம் பக்கத்துக்காரன்தான், கேப் கோஸ்ட். இரண்டு நிமிடம் பேசினோம். இந்த வாரத்தில் நான் அதிகம் பேசியது அதுதான்.

கோபினா மாமா போய்விட்ட செய்தியை அம்மா அழுதுகொண்டே சொன்னார்கள். சாவு போஸ்டரில் சகோதரி மகன்கள் வரிசையில் என் படம் முதலில் வரவேண்டுமாம். கறுப்புத் துணி போர்த்தியது போலச் செய்துகொடு. பின்னணியில் ஏதாவது கட்டடம் வை. இங்கே படம் எடுத்த இடம் ஒரு நண்பனுடைய கிடங்கு, அதனால்தான் அப்படி இருக்கிறது.

சாப்பிடுகிறாயா? உன் படத்தில் கன்னம் ஒட்டியிருக்கிறது. உன் கன்னத்தைத் திருத்திக்கொள்ள மாட்டாயா?

அன்புடன்
எக்கோ

*

டகோராடி
25 ஏப்ரல் 2023

எக்கோ அண்ணாவுக்கு,

கிடங்கு என்று நீ எழுதியதற்குப் பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. முதலில் ஊர்ச் செய்தி.

சனிக்கிழமை ஷாமாவில் குடும்பக் கூட்டம். மாமாவின் உடல் பிணவறையில் இருக்கிறது, நாளுக்கு நாள் வாடகை ஏறுகிறது. ஜூன் 3ஆம் தேதி அடக்கம் என்று முடிவு செய்தார்கள். யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்று பேச்சு வந்தபோது, குடும்பத் தலைவர் எக்யா அன்சா தன் போனை எடுத்து உன் கிறிஸ்துமஸ் படத்தைக் காட்டினார். நீ வெள்ளிநிறக் காரின் மேல் கை வைத்து நிற்கிற படம்.

"இந்த வண்டியை ஓட்டுறவன் பிணவறைக் காசைக் கட்ட மாட்டானா?" என்று கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். பன்னிரண்டாயிரம் சேடி உன் தலையில் விழுந்தது. வேறு யாருக்கும் ஆயிரத்தைத் தாண்டவில்லை. நீ கட்டாவிட்டால் போஸ்டரில் உன் பெயர் கிடையாது. அம்மா அடக்கத்தன்று பெண்கள் வரிசையில் பின்னால் உட்கார வேண்டும்.

அந்தக் காரைப் படத்தில் ஒட்டியது நான். பளபளப்பான பரப்பில் பிம்பம் விழவைப்பது அந்த மாதத்துப் பாடம். உன் சட்டையின் நீலம் கதவில் தெரிகிற மாதிரி இரண்டு நாள் உட்கார்ந்து செய்தேன். மதிப்பெண்ணும் வந்தது. நன்றாக வந்திருக்கிறதே என்று அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா ஊருக்கே அனுப்பிவிட்டார்கள்.

இனி இதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரியும். முதல் படத்திலிருந்தே தெரியும். ஆறு வருடமாக உன் படங்களிலிருந்து தகரத்தையும் பிளாஸ்டிக் தாளையும் சேற்றையும் தண்ணீர்க் கேனையும் எடுத்துக்கொண்டிருப்பவள் நான்தான். எதை எடுக்கிறேன் என்று பார்க்காமலா எடுப்பேன்? ஒரே மேலங்கியை நான்கு நிறத்தில் மாற்றியிருக்கிறேன். உன் கையில் இருந்த வெட்டுக்காயத்தை மூன்று மாதம் தொடர்ந்து ஆற்றியிருக்கிறேன்.

இல்லை என்று சொல்லிவிடு. அம்மாவிடம் நீயே சொல். பன்னிரண்டாயிரம் உன்னிடம் இல்லை. இருக்கிற கொஞ்சத்தில் என் இரண்டு மாதத்தைக் கட்டு.

அராபா

*

ஃபோஜா
1 மே 2023

அராபா,

எதையும் யாரிடமும் சொல்லாதே.

உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரிந்துதான் இருந்தது. சொல்லாமல் இருந்தாய், அதனால்தான் உனக்கு மட்டும் அனுப்பினேன். இப்போது சொல்லிவிட்டாய். இனி எப்படி அனுப்புவது?

பன்னிரண்டாயிரத்தை நான் கட்டுகிறேன். இங்கே மேஸ்திரி முன்பணம் தருவான். தக்காளி அறுவடை முடியும்வரை அவனை விட்டுப் போக முடியாது, அவ்வளவுதான். எப்படியும் எங்கே போகப்போகிறேன்? இங்கே நான் பறிக்கிற தக்காளியைத் தகரத்தில் அடைத்து உங்கள் சந்தைக்கு அனுப்புகிறார்கள், அதுகூட என்னைவிட சுலபமாக ஊர் போய்ச் சேருகிறது.

உன் மென்பொருள் இந்த மாதம் முடியாது. மன்னித்துக்கொள். வேறு வழி பார்.

நீ என்னைப் புரிந்துகொள்ள வேண்டும். சாயங்காலம் கூடாரத்துக்கு வந்ததும் நீ செய்த படத்தைத்தான் திறந்து பார்க்கிறேன். அதில் இருக்கிறவனைத்தான் அம்மா ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறார்கள். அவனிடம்தான் சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள். அவனையும் எடுத்துவிட்டால் இங்கே யாரும் இல்லை.

எக்கோ

*

டகோராடி
16 மே 2023

எக்கோ அண்ணாவுக்கு,

சொல்லிவிட்டேன். நீ திட்டுவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேள்.

போன சனிக்கிழமை கூட்டத்துக்கு நானும் போனேன். நீ அனுப்பிய அசல் படங்கள் ஒன்பதைப் போனில் எடுத்துப் போனேன். கிறிஸ்துமஸ் படத்தின் அசலை முதலில் காட்டினேன். நீ ஒரு துருப்பிடித்த தண்ணீர்த் தொட்டியின் மேல் கை வைத்து நிற்கிறாய், பின்னால் கூடாரங்கள். எக்யா அன்சா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். பக்கத்து ஆளிடம் கொடுத்தார். போன் வட்டம் சுற்றி வந்தது.

"நல்லாத்தான் பண்ணியிருக்கே," என்றார்.

"என்ன பண்ணியிருக்கேன்?"

"அண்ணனைப் பிச்சைக்காரனா ஆக்கியிருக்கியே. போன வருஷம் மென்சா வீட்டுப் போஸ்டர்ல செத்த கிழவிக்குப் பல்லு வெச்சது நீதானேம்மா? உயிரோட இருந்தப்போ அந்தம்மாவுக்கு முன்பல்லே கிடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்பு அடங்கும்வரை நின்றேன்.

"இதுதாங்க அசல். நான் ஒட்டினது காரைத்தான்."

"காரை ஒட்டத் தெரிஞ்சவளுக்குக் கந்தலை ஒட்டத் தெரியாதா?"

மூன்று வருடம் படித்ததற்கு இதுதான் பலன். நான் காட்டுகிற எதையும் இனி யாரும் நம்ப வேண்டியதில்லை. பணம் கொடுக்காமல் தப்பிக்க அண்ணனும் தங்கையும் சேர்ந்து போட்ட திட்டம் என்று முடிவு செய்தார்கள்.

போன் கடைசியில் அம்மாவிடம் போனது. அம்மா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார்கள். முகத்தைப் பார்க்கவில்லை. படத்தைக் கால் பக்கம் நகர்த்தினார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "செருப்பு பெருசா இருக்கு. இவன் அளவு இல்ல," என்றார்கள்.

போனை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்கள்: "என் பிள்ளை கட்டுவான்."

ட்ரோட்ரோ வேன் வரும்வரை சாலையில் என்னோடு நின்றார்கள். நான் ஏறியதும் புகை மீன் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

கட்டாதே. கெஞ்சிக் கேட்கிறேன். மேஸ்திரியிடம் கை நீட்டாதே. இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. எனக்கு இரண்டு தவணை போதும், உன்னிடம் அது மட்டும்தான் கேட்கிறேன்.

அராபா

*

ஃபோஜா
24 மே 2023

அராபா,

பணம் எக்யா அன்சாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. போஸ்டருக்கான படமும் நானே அனுப்பிவிட்டேன். போனில் இலவசமாகக் கிடைக்கிற ஒன்றில் நானே செய்தேன். உன் அளவுக்கு வராது.

அம்மா செருப்பைப் பார்த்தார்களா?

எக்கோ

*

டகோராடி
6 ஜூன் 2023

அண்ணா,

மாமாவை அடக்கம் செய்தாயிற்று. அம்மா முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். கறுப்பும் சிவப்பும் உடுத்தியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் இத்தாலிக்காரன் அம்மா என்று கை குலுக்கினார்கள். அம்மா எல்லோருக்கும் சிரித்தார்கள்.

போஸ்டர் ஷாமா சந்திப்பில் தொங்குகிறது. எக்கோ டான்டோ, இத்தாலி. முதல் பெயர் உன்னுடையதுதான். உன் படத்தில் இடது கையின் இரண்டு விரல் கோட்டுக் கையோடு சேர்ந்து வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. காதைச் சுற்றி வெள்ளைக் கோடு. என்னிடம் மென்பொருள் இருந்திருந்தால் பத்து நிமிட வேலை. ஆனால் யாரும் கவனிக்கவில்லை. எதை நம்பவேண்டுமோ அதை நம்பத் தயாராக இருக்கிறவர்களுக்கு விரல் தேவையில்லை.

நேற்று க்வேசன் மேடத்திடம் போனேன். அவர்தான் எங்கள் துறைத் தலைவர். பாதியில் நிற்கிற எந்தக் கோப்பையும் இனி முடிக்க முடியாது என்று சொன்னேன். அவர் என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டார். நீ அனுப்பிய அசல்கள் இருக்கின்றன. நான் முடித்து அனுப்பிய படங்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சின்னத் தாளில் எடுத்து ஜோடியாக மேசையில் பரப்பினேன். மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்து முடித்து, "இதுதான் உன் இறுதிப் படைப்பு. வேற ஒண்ணும் செய்யாதே," என்றார்.

இதற்கு மென்பொருள் வேண்டாம். காசு வேண்டாம். இடது பக்கம் அசல், வலது பக்கம் நான் செய்தது. கல்லூரிக் கூடத்தில் இரண்டு வாரம் மாட்டிவைப்பார்கள். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். அதனால் படத்தில் இருக்கிறவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாமல் வாங்கமாட்டார்கள். மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அது சரியும்கூட.

படிவத்தை இணைத்திருக்கிறேன். ஒரே பக்கம். போனில் விரலால் எழுதினால் போதும்.

நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். ஆனால் யோசி. உன்னை அங்கே கூடாரத்தில் வைத்தவர்கள் வெட்கப்படவில்லை. பெட்டிக் கணக்கில் கூலி கொடுக்கிறவன் வெட்கப்படவில்லை. படத்தைப் பார்த்து வரி போட்டவர்கள் வெட்கப்படவில்லை. நீ மட்டும் எதற்கு?

நான் அம்மாவிடம் பேசினேன். அவர்கள் ஆம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உன் கால் அளவு நாற்பத்தொன்றா நாற்பத்திரண்டா என்று கேட்டார்கள்.

உன்
அராபா

*

டகோராடி
16 ஜூன் 2023, காலை

அண்ணா,

பத்து நாளாக நீ ஒன்றும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா கூப்பிட்டபோதும் எடுக்கவில்லையாம். வாட்ஸ்அப்பில் போட்ட செய்தியைத் திறந்ததாகக் காட்டுகிறது. நீ படித்திருக்கிறாய்.

உடம்பு சரியில்லை என்றால் அதைச் சொல். என் மேல் கோபம் என்றால் அதை எழுது, எவ்வளவு கேவலமாக வேண்டுமானாலும். மாட்டேன் என்றால் மாட்டேன் என்று ஒரு வரி போடு, நான் ஒரு வருடம் காத்திருந்து முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். உனக்கு வேண்டாம் என்றால் உன் படங்களை இனி யாரும் பார்க்க மாட்டார்கள். அதை நான் சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் நீயே சொல்ல வேண்டும்.

பதினெட்டுப் படங்களும் அச்சாகிவிட்டன. அலுவலகத்துக்கு வெளியே பெஞ்சில் அவற்றோடு உட்கார்ந்திருக்கிறேன். போகிறவர்கள் எட்டிப் பார்த்து, வலது பக்கம் இருப்பவர் யார் என்று கேட்கிறார்கள். இடது பக்கத்தை யாரும் கேட்கவில்லை.

நான்கு மணிக்கு மூடிவிடுவார்கள்.

கையெழுத்துப் போடு.

அராபா