நெடி வராத மிளகாய்

அக்கா,

நேற்று சாயங்காலம் மூன்றாம் மாடியில் குழந்தைக்குச் சுற்றிப்போட்டார்கள். உப்பும் மிளகாயும் நெருப்பில் வெடித்து, நெடி படிக்கட்டு முழுக்க இறங்கியது. காரணம் நான்தான் என்று எனக்குப் பலமான சந்தேகம். இருமிக்கொண்டே உங்களை நினைத்தேன்.

சேலையூரில் இந்தக் குடியிருப்புக்கு நாங்கள் வந்தபோது என் மகன் அகிலனுக்கு ஒன்றரை வயது. மாடம்பாக்கம் பால்வாடியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்ற நீங்கள் கீழ்வீடு. மொட்டைமாடிக்குத் துணி எடுக்க வரும்போதெல்லாம் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவீர்கள். அவன் பொம்மைக் காரைக் கவிழ்த்து, சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருப்பான். பல்லாவரம் பக்கம் இறங்கும் விமானத்தைக் காட்டினால், அதைப் பார்க்காமல் உங்கள் விரலையே பார்ப்பான். என் குழந்தையை இந்தம்மா எதற்குச் சோதிக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருநாள் சொல்லியே விட்டீர்கள். “கண்ணு, தப்பா எடுத்துக்காத. பேர் சொன்னா திரும்ப மாட்டேன்றான். பிஸ்கட் வோணும்னா கை காட்டாம, உன் கையப் புடிச்சு இட்டுகினு போறான். டாக்டராண்ட ஒருவாட்டி காட்டிடேன்.”

“ஆம்பளப் பசங்க லேட்டாதான் பேசுவாங்க அக்கா” என்று சிரித்து அனுப்பினேன்.

உள்ளே கொதித்தது. பிள்ளை இல்லாதவர், வயிற்றெரிச்சல் என்று நினைத்தேன். இல்லையென்றால் யாரோ டாக்டருக்கு ஆள் பிடிக்கிறார். அன்றைக்கே அகிலனுக்குச் சுற்றிப்போட்டேன். நெடியே வரவில்லை. நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்றுதானே சொல்வார்கள்? ஐப்பசி மழையில் மிளகாய் நமுத்துக் கிடந்தது எனக்குத் தோன்றவேயில்லை. யார் கையெழுத்தையும் நம்பாமல் இரண்டு முறை பார்ப்பது என் வங்கி வேலை. மிளகாயை மட்டும் ஒரே முறையில் நம்பினேன். அதன்பின் உங்கள் குரல் கேட்டாலே கதவைச் சாத்தினேன்.

பத்து மாதம் போனது. காய்ச்சலுக்குக் காட்டப் போன இடத்தில் டாக்டர் கேட்டார்: “பேர் கூப்பிட்டா திரும்புறானா? விரல் நீட்டி எதையாவது காட்டுவானா?” உங்கள் கேள்விகளேதான். காது பரிசோதனை செய்தார்கள், நன்றாகவே கேட்டது. பல சந்திப்புகளுக்குப் பிறகு ஆட்டிசம் என்றார்கள். சீக்கிரம் வந்திருந்தால் பயிற்சியைச் சீக்கிரம் தொடங்கியிருக்கலாம் என்றும் சொன்னார்கள்.

உங்கள் வாசலில் வந்து நின்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை, டாக்டர் கண்டுபிடித்தார் என்றேன். ‘நான் அப்பவே சொன்னேன்’ என்பீர்கள் என்று காத்திருந்தேன். “மேல இட்டுகினு வா, ப்ளேன் வர நேரம்” என்றீர்கள். இதில் என்ன உள்நோக்கமோ என்று அப்போதும் யோசித்தேன். என் புத்தி அப்படி.

ஒரு வருடத்துக்கு மேல் தினமும் மாடியில் அவன் கண்ணருகே விரலை வைத்து, மெதுவாக வானத்துக்குக் கொண்டுபோனீர்கள். போன மாசியில் நீங்கள் போய்விட்டீர்கள். கேட்காத மன்னிப்பு என்னிடமே தங்கிவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம் அகிலன் என்னை மாடிக்கு இழுத்துப்போனான். விமானம் வந்தது. அவன் விரல் தானாக மேலே போனது. உடனே திரும்பி, துணிக்கொடிப் பக்கம் பார்த்தான். நீங்கள் நிற்கும் இடம். அங்கேயே உட்கார்ந்து அழுதேன் அக்கா.

நேற்று மதியம் மூன்றாம் மாடிக் குழந்தையை, முதுகுக்குப் பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டேன். ஏற்கெனவே சில நாளாகக் கூப்பிட்டுப் பார்த்ததுதான். திரும்பவில்லை. அதன் அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். நான் உங்களைப் பார்த்த அதே பார்வை.

நெடி வந்துவிட்டது, அதனால் என் கண்ணில் குற்றமில்லை. ஆனாலும் கதவைச் சாத்துவாள். சாத்தட்டும். நாளைக்கும் போய்த் தட்டுவேன். எனக்குப் பத்து மாதம் ஆனது. அவளுக்கு அவ்வளவு ஆக விடமாட்டேன்.