மழைக்குப் பாடுகிறார்கள் என்று சொன்னேன்

அண்ணா,

நேற்று மடித்துக் கொண்டுவந்த கறுப்புத் தார்ப்பாய் என் அறை மூலையில் கிடக்கிறது. அறை முழுக்க மிளகு வாசம். இரண்டு முறை தும்மிவிட்டேன். பத்து மணிக்கு எங்கள் அலுவலக அதிகாரியைப் பார்க்க வேண்டும். மணி இன்னும் எட்டரைகூட ஆகவில்லை. அதற்குள் தலைவாரி, சட்டை மாற்றி, எந்த வேலையும் ஓடாமல் உட்கார்ந்திருக்கிறேன். செம்மேட்டில் இந்த நேரத்தில் யாரிடம் போய்ப் புலம்புவது? அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். என்னைவிட இரண்டு வயது சின்னவர் நீங்கள். ஆனாலும் அண்ணா என்றே வாயில் பழகிவிட்டது.

இந்த மலையில் பைல் நாடு என்கிற உங்கள் ஊர்ப்பக்கத்தில், உங்கள் மிளகுக் கொட்டகையின் சன்னல்களை அந்தத் தார்ப்பாயால் மூடிவிட்டு, ஞாயிறு மத்தியானங்களில் படம் போடுவோம். கல்யாண ஸ்டுடியோக்காரர் கழித்துவிட்ட புரொஜெக்டர் உங்களுடையது. திரையில் ஓடும் இங்கிலீஷைப் படித்துத் தமிழில் சொல்வது நான். வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்கள், நிலத்தை விடமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்ட பெண்கள், இப்படி எங்கெங்கோ எதிர்த்து நின்றவர்களின் படங்கள். அதிலும் பங்க் என்கிற முரட்டு ராக் பாட்டுக்காரர்கள் என்றால் உங்களுக்குத் தனிப் பிரியம். கிழிந்த சட்டை, சேவல் கொண்டை மாதிரி முடி, சுருதி சேராத கிட்டார்.

"பாடத் தெரியாதவங்களும் பாடலாம்ங்கறாங்க சார். அதுதான் எனக்குப் புடிச்சுதுங்க" என்றீர்கள். அந்தச் சத்தத்தில் எனக்குத் தலைவலி வரும். உங்களிடம் சொன்னதில்லை.

மார்கழியில் போட்ட படம் நினைவிருக்கிறதா? ஏதோ ஒரு குளிர் நாட்டில் மூன்று பெண்கள் அரசாங்கக் கட்டடத்தின் படியேறி நின்று பாடுவார்கள். பாதிப் படத்தில் புதிதாக ஒருவர் வந்து கடைசியில் உட்கார்ந்தார். ஒட்ட வெட்டிய முடி, பளபளக்கும் ஷூ, கையில் செல்போன். போலீஸ்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். நானோ அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன். மகளை அந்த வருஷம்தான் காலேஜில் சேர்த்திருந்தேன். மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனேன். திரையில் பாட்டின் வரிகள் ஓடின. "மழை வேண்டிப் பாடுகிறார்கள்" என்றேன்.

அடுத்த காட்சியில் போலீஸார் அந்தப் பெண்களை முடியைப் பிடித்து இழுத்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த பக்கத்துக் காட்டு ராசம்மா என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க சார், மழைக்குப் பாடுனதுக்கா இந்த அடி அடிக்கறாங்க?"

"மைக்செட்டுக்குப் பர்மிஷன் வாங்கலையாம்" என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார். நம் ஊரில் நடக்காததா என்று நானும் என்னைத் தேற்றிக்கொண்டேன். நீங்கள் ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டீர்கள். படம் முடிந்ததும் விசாரித்தால், அந்த ஆள் செல்போன் டவர் வேலைக்கு வந்தவராம். பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதே என்று வந்து உட்கார்ந்தாராம்.

தார்ப்பாயை அவிழ்க்கும்போது நீங்கள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பயம் வந்தா வந்துட்டுப் போவுதுங்க சார். இதே படத்தை இன்னொரு வாட்டி போடலாம். அப்பச் சரியாச் சொல்லிப் போடுங்க" என்றீர்கள். சரி என்றேன்.

தை மாதம் மிளகு பறிக்க ஏறினீர்கள். ஏணி சரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு மலையிறங்கும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். உங்களை எடுத்த அன்று ஒதுங்கியே நின்றேன். துக்கத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

போன வாரம் உங்கள் மனைவி கூப்பிட்டு, அந்தப் படத்தையே உங்கள் நினைவாகப் போடலாம் என்றார். விஷயம் எப்படியோ அலுவலகத்துக்குப் போய்விட்டது. "என்ன படம், நீங்கள் ஏன் அதில் பேசுகிறீர்கள், திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்து சொல்லுங்கள்" என்று என்னிடம் சொன்னார் அதிகாரி. காய்ச்சல் என்று சொல்லிப் படத்துக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். உங்கள் மனைவியின் முகத்தை நினைத்து நேற்று கொட்டகைக்குப் போனேன்.

அந்தப் பாட்டு வந்ததும் படத்தை நிறுத்தச் சொன்னேன். அன்றைக்கு நான் பொய் சொன்னேன், பயத்தில் சொன்னேன் என்றேன். பிறகு அந்த வரியை உள்ளபடி படித்தேன்: "எங்களைக் கேட்காமல் எங்கள் பெயரில் பேசாதே." படித்து முடித்த பிறகுதான், அது ராஜ்யம் ஆள்பவர்களுக்கு மட்டும் பாடியதல்ல என்று உறைத்தது.

ராசம்மாதான் முதலில் வாய் திறந்தார்.

"அது அன்னைக்கே தெரியுமுங்க சார். மழைக்குப் பாடறவ மொகம் அப்பிடியா இருக்கும்? நம்ம கொட்டகைக்காரருதான், சாரு பொழப்புக்கு ஏதாச்சும் ஆயிப்போயிரும், யாரும் கேக்காதீங்கன்னு எங்ககிட்டச் சொல்லி வெச்சிருந்தாரு."

மைக்கைக் கீழே வைத்துவிட்டு அழுதேன், அண்ணா. அத்தனை பேர் முன்னால்.

கிளம்ப நேரமாகிவிட்டது. பயம் போய்விட்டது என்று உங்களிடம் பீற்றிக்கொள்ள மாட்டேன். மாற்றல் வருமோ, மெமோ வருமோ, மகளுக்கு என்ன சொல்வது என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அதிகாரியிடம் சொல்ல நேற்று வரை ஏழெட்டுப் பதில்கள் தயாராக வைத்திருந்தேன். ஒன்றுகூட உண்மையில்லை. ஆனால் ஒரு கொட்டகை நிறைய ஆட்கள் இத்தனை மாதமாக எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு, அந்த அறைக்குள் போய் இன்னொரு மழைப் பாட்டைச் சொல்ல எனக்கு வாய் வராது.