மூன்று சொன்ன பிறகு

ஜூலை 9, இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். நலமாகத்தான் இருப்பீர்கள். செய்தியில் அமைச்சருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தீர்கள், புதுச் சட்டையோடு. காலர் உங்களுக்குப் பெரிதாக இருக்கிறது. முழுதாகப் பார்ப்பதற்குள் அம்மா டிவியை அணைத்துவிட்டாள்.

போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரியாது. "உங்கப்பாவுக்கு ஒரு வரி எழுதக் கூடாது. எழுதினா நான் கெஞ்சி எழுதச் சொன்னதா ஆயிடும்" என்று சொல்லியிருக்கிறாள். போனில் பேசலாமென்றால், எங்கள் போனை யாரோ ஒட்டுக் கேட்கிறார்களாம். பதில் எழுதினால் வாத்து வீட்டு முகவரிக்கு எழுதுங்கள். வாத்து என்பது என் பக்கத்து பெஞ்சுக்காரி. நடையைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

அமைச்சர் என்ன சொன்னார் என்று உங்களுக்குத் தெரியும். அணையில் தண்ணீர் நிறைய இருந்தும் மாகாண அதிகாரிகள் மதகைத் திறக்காமல் பிடிவாதம் பிடிக்கிறார்கள், ஆகவே அணையை மத்திய அரசே எடுத்துக்கொள்ளும் என்றார். மாகாண அதிகாரிகள் என்றால் யார் அப்பா? இந்த ஊரில் அம்மா ஒருத்திதான்.

பிரேயர் வரிசையில் ஒருத்தி எனக்கு இடம் விட்டு விலகி நின்றாள். "பெரிய இடத்துப் பொண்ணு, அவங்கம்மா மனசு வெச்சாத்தான் எங்க வயல் நனையும்" என்றாள். நேற்று சமையலறை ஜன்னலில் கல் விழுந்தது. அம்மா உடைந்த இடத்தில் அட்டையை ஒட்டிவிட்டு, "காத்து கம்மியாத்தான் வருது, பரவாயில்ல" என்றாள். வாசலில் ஒரு ஜீப் நிற்கிறது. அது எங்களைக் காக்க நிற்கிறதா, பிடிக்க நிற்கிறதா என்று தெரியவில்லை. அதன் விளக்கு எரியும்போதெல்லாம் டார்ச்சை அணைத்துவிடுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

விசாரணைக்கு வரச்சொல்லி அம்மாவுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. ஆகஸ்ட் எட்டாம் தேதி. குற்றம் என்று முடிவானால் புதுச் சட்டப்படி கைது செய்யலாமாம். நோட்டீஸின் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தேன். என் மதிப்பெண் அட்டையில் போடுவீர்களே, அதே கையெழுத்து. கடைசி எழுத்துக்கு அதே வால்.

எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. பதில் எழுதுங்கள்.

உங்கள்
சுண்டெலி


ஜூலை 15

அன்பு மகள் சுண்டெலிக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்தேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு மறுபடி படித்தேன். கல் எறிந்தவர்கள் யாராக இருந்தாலும் நீ ஜன்னல் பக்கம் படுக்காதே. கால்வாய்ச் சாலையில் தனியாக சைக்கிளில் போகாதே. அடுத்த ஆண்டு அறிவியல் பிரிவே எடு, உன் அம்மா வேறு சொன்னாலும். டார்ச் வெளிச்சத்தில் எழுதாதே, கண் கெட்டுவிடும்.

நோட்டீஸில் இருப்பது என் கையெழுத்துதான். கையெழுத்து என்னுடையது, முடிவு என்னுடையது அல்ல. மாகாணச் சாவிக்காரர் ஒத்துழைக்கவில்லை என்று அணையிலுள்ள எங்கள் அதிகாரி அறிக்கை அனுப்பியிருக்கிறார். அறிக்கை வந்தால் நோட்டீஸ் போக வேண்டும். அதுதான் நடைமுறை. உன் அம்மா விதி பிசகாதவள், விசாரணையில் நிமிர்ந்து பேசுவாள். நீ கவலைப்படாதே.

அவளுக்கு இருமல் குறைந்ததா? நான் கேட்டதாகச் சொல்லாதே.

அன்புடன்
அப்பா


ஜூலை 20, இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரே கடிதத்தில் நான்கு உத்தரவு போட்டிருக்கிறீர்கள். அறிவியல் எடுப்பதா வேண்டாமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

மதகு அறையை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு யோசிக்க வரும். கிழக்குச் சுவரில் மாகாணத்தின் பூட்டு, மேற்குச் சுவரில் மத்திய அரசின் பூட்டு, நடுவில் ஆள் உயரத்துக்கு இரும்புப் பெட்டி. ஒருவரால் இரண்டையும் எட்ட முடியாது, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. இரண்டு சாவியும் ஒரே நேரத்தில் திரும்பினால்தான் மோட்டார் ஓடும். அதற்காக அம்மா ஒன்று, இரண்டு, மூன்று என்று உரக்கச் சொல்வாள். நீங்கள் ஒவ்வொரு முறையும் மூன்றுக்கு முன்பே திருப்பிவிடுவீர்கள், மணி அலறும். "உங்க கவர்மெண்டுக்கு எப்பவும் அவசரம்" என்பாள் அம்மா. "உங்க கவர்மெண்டு எண்ணி முடிக்கிறதுக்குள்ள மழைக்காலமே வந்துடும்" என்பீர்கள். படியில் உட்கார்ந்து நான் சிரிப்பேன்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். அம்மா தினமும் காலையில் போய் அவள் சாவியைப் போட்டு, மூன்று வரை எண்ணித் திருப்புகிறாள். எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை. உங்களுக்குப் பதிலாக வந்த புது அதிகாரி, "மேலிடத்து உத்தரவு இன்னும் வரல" என்கிறார். மேலிடமோ அம்மாதான் திறக்கவில்லை என்கிறது. மேலிடம் நீங்கள்தான்.

மோட்டாருக்கு எண்ணெய் போடும் கிரீஸ் மாமா முந்தாநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் உள்ளே படிப்பதுபோல் இருந்தேன்.

"மேடம், அந்த ஆளுகிட்ட சாவியே இல்ல. சார் சீல் வெச்சுக் குடுத்துட்டுப் போன சாவிப் பெட்டியத் தொடச்சு வைக்கும்போது தூக்கிப் பாத்தேன், உள்ள ஒண்ணும் ஆடல. சாவி வாங்கிக்கிட்டேன்னு சீல் ஒடைக்காமலே கையெழுத்துப் போட்டுட்டாரு, இப்ப முழிக்கிறாரு. நான் பத்திரிகைக்காரங்ககிட்ட சொல்லிடவா?"

"சொன்னா வேலை யாருக்குப் போகும்னு தெரியுமில்ல?"

"அந்த ஆளுக்கு. அப்புறம் நம்ம சாருக்கு."

"அப்பறம் என்ன கேள்வி. டீயக் குடிச்சிட்டுக் கெளம்புங்க."

"சார்தான் உங்கள விட்டுட்டுத் தலைநகருக்குப் போயிட்டாரே மேடம்."

"அவரு போனது எங்க வீட்டு விஷயம். டீ ஆறுது."

அப்பா, விடுமுறைக்கு நான் அங்கே வந்தபோது உங்கள் ஷேவிங் டப்பாவில் ஒரு பித்தளைச் சாவி இருந்தது. நீலக் கயிறு கட்டியிருந்தது. அம்மாவுக்குப் பச்சை, உங்களுக்கு நீலம் என்று அந்தக் கயிறுகளைப் பின்னியவள் நான். நகல் சாவி என்று நினைத்து அப்போது கேட்கவில்லை.

அது நகலா?

உங்கள்
சுண்டெலி


ஜூலை 26

என் செல்ல மகளுக்கு,

நகல் இல்லை. நகலே கிடையாது. புதுப் பூட்டு மாட்ட இரண்டு அரசுகளும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். இரண்டும் சேர்ந்து கையெழுத்திட்டு எத்தனையோ காலமாயிற்று.

கிளம்பின அன்று எனக்கும் அம்மாவுக்கும் நடந்த சண்டை உனக்குத் தெரியும். மாற்றல் உத்தரவு வந்ததும் அவளைக் கேட்காமலே சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கோபத்தில், கவனமே இல்லாமல், காலிப் பெட்டியை சீல் வைத்துவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறிவிட்டேன். இங்கே வந்து சட்டையைத் துவைக்கப் போடும்போதுதான் பார்த்தேன். அதற்குள், சாவியைப் பெற்றுக்கொண்டதாகப் புது அதிகாரியின் கையெழுத்து வந்துவிட்டது. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் அமைச்சர் பேட்டி கொடுத்துவிட்டார். ஓர் அமைச்சர் பேசிய பிறகு உண்மையைச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது உன் வயதில் புரியாது.

இத்துடன் வரும் பொட்டலத்தில் சாவி இருக்கிறது. உன்னை எல்லோருக்கும் தெரியும், மதகு அறைக்குள் உன்னை யாரும் தடுக்க மாட்டார்கள். அதிகாரியின் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு வந்துவிடு. அவர் எடுத்துக்கொள்வார், வாய் திறக்க மாட்டார். தண்ணீர் போகும். விசாரணை தானாகவே நீர்த்துப்போகும். யாருக்கும் சேதமில்லை.

உன்னை இதில் இழுப்பதற்கு வெட்கப்படுகிறேன். வேறு ஆள் இல்லை.

அப்பா


ஜூலை 31, இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

பொட்டலம் வந்தது. வாத்து, "என்னடி, உங்கப்பா கொலுசு அனுப்பியிருக்காரா?" என்று குலுக்கிப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் மதகு அறை வரைக்கும் போனேன். அதிகாரி சாப்பிடப் போயிருந்தார், இழுப்பறை திறந்தே இருந்தது. ஆனாலும் போடாமல் திரும்பியது பயத்தால் அல்ல.

யோசித்துப் பாருங்கள். சாவி திடீரென்று முளைத்து மதகு திறந்துகொண்டால் ஊரில் என்ன பேசுவார்கள்? நோட்டீஸ் போனதும் அந்த அம்மா பயந்துபோய்த் திறந்துவிட்டாள் என்பார்கள். அப்படியானால் இத்தனை நாள் மூடிவைத்தது அவள்தான் என்று ஆகிவிடும். உங்கள் அமைச்சர் இன்னொரு பேட்டி கொடுப்பார். கிழக்குச் சுவர்ப் பூட்டைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு இங்கே எந்த வயல் காய்ந்தாலும் தலைநகரில் இருந்து யாராவது வரைபடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். யாருக்கும் சேதமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவை எந்தக் கணக்கில் சேர்த்தீர்கள்?

அவள் உங்களுக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். நீங்களும் உங்களுக்காகவே வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள். பேச வேண்டியவர் ஒருவர்தான்.

சாவி என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. எட்டாம் தேதிக்குள் நீங்களே வந்து உண்மையைச் சொல்லுங்கள். வராவிட்டால் நான் விசாரணை அறைக்குள் போய் அதை மேசைமேல் வைப்பேன். எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள், சொல்வேன். அழுதுகொண்டுதான் சொல்வேன், ஆனால் சொல்வேன். வயல்கள் காய்கின்றன என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் அது என் தலைமேல் இருக்கிறது. உங்கள் தலைமேலும் இருக்கட்டும்.

இப்படியெல்லாம் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. கேட்கவில்லை.

உங்கள் மகள்


ஆகஸ்ட் 5

மகளுக்கு,

இதைச் சுண்டெலி என்று தொடங்கத்தான் நினைத்தேன். இனி அந்தப் பெயர் பொருந்துமா என்று யோசனையாக இருக்கிறது.

இன்று காலை என் மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்காமல், "உட்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். எவ்வளவு நாளாயிற்று அப்படி நிம்மதியாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து.

எட்டாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். சாவி உன்னிடமே இருக்கட்டும். என்னிடம் இருந்ததை விட அங்கேதான் பத்திரம்.

அப்பா


ஆகஸ்ட் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

இதை மேசையில் உட்கார்ந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். அம்மா எதிரில்தான் இருக்கிறாள். "அப்பாவுக்கா? போர்வைக்குள்ள எழுதினதவிடக் கையெழுத்து நல்லா வருது" என்றாள். எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை.

ரயில் ஏறும் அவசரத்தில் உங்களிடம் சரியாகப் பேச முடியவில்லை. அதனால் நீங்கள் பார்க்காததை எழுதுகிறேன்.

நீங்கள் விசாரணைக் கூடத்துக்கு வருவதற்கு முன்பே விசாரணைக் குழுத் தலைவர் அம்மாவைக் கேட்டுவிட்டார், "சாவியைத் திருப்ப மறுத்தீங்களா?" என்று. "தினமும் திருப்பிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். "அவங்க பக்கம் ஏன் திரும்பலன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார். "என் சாவிக்கு நான் பதில் சொல்றேன். அவங்க சாவிக்கு அவங்க சொல்லட்டும்" என்றாள். நான் ஜியாமெட்ரி பாக்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அப்போதுதான் பின்னாலிருந்து உங்கள் குரல் கேட்டது, "சாவி என்கிட்ட இருந்தது." நான் உட்கார்ந்துவிட்டேன். புது அதிகாரி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார், பிறகு கழுத்தை, பிறகு கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காம்பஸ், பாகைமானி எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்துவிட்டு நான் சாவியைக் கொடுத்தபோது தலைவர் சிரித்தது உங்களுக்கு நினைவிருக்கும். "இந்தப் பெட்டிதான் ரெண்டு கவர்மெண்டோட பெட்டியையும்விட ஒழுங்கா இருக்கு" என்றார்.

புது அதிகாரி இந்தச் சாவியைத் தொட்டதே இல்லை, பழகிய கை நீங்கள், கடைசியாக ஒரு முறை நீங்களே திருப்புங்கள் என்று தலைவர் சொன்னதும் நான் அம்மாவைத்தான் பார்த்தேன். அவள் உங்களைப் பார்க்கவே இல்லை. நேராக மதகு அறைக்குப் போய்க் கிழக்குச் சுவரருகே நின்றாள். நான் பழையபடி படியில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் இரண்டு பேரும் தெரிவீர்கள். உங்களுக்குத்தான் ஒருவருக்கொருவர் தெரியாது. அம்மா ஒன்று என்றாள். இரண்டு என்றாள். பிறகு வேண்டுமென்றே நிறுத்தினாள், அப்பா. கிரீஸ் மாமா காதைப் பொத்திக்கொண்டார். மணி அலறவில்லை.

தண்ணீர் கடைசி வயல் வரைக்கும் போய்விட்டது. இரண்டு பூட்டுகளும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்று தலைவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஜன்னலுக்குக் கண்ணாடி போட ஒரு பையன் வந்தான், யார் அனுப்பினார்கள் என்று கேட்டால் சொல்லவில்லை. ஜீப்பைக் காணோம். நான் அறிவியல் எடுக்கவில்லை, வரலாறு எடுக்கப்போகிறேன். இது தகவலுக்காக.

உங்களைப் பணியிடை நீக்கம் செய்திருக்கிறார்கள் என்று பத்திரிகையில் வந்தது. அம்மா அந்தப் பக்கத்தை மட்டும் மடித்து எடுத்து வைத்தாள். நேற்று பாத்திரம் கழுவிக்கொண்டே, என்னிடம் சொல்வதுபோல் இல்லாமல் சொன்னாள்:

"இத்தனை வருஷத்துல அன்னைக்குத்தான் மூணு சொல்ற வரைக்கும் காத்திருந்தாரு."

கொஞ்சம் கழித்து, "அந்த நீலக் கயிறு நைஞ்சு கெடக்கு. வேற பின்னு" என்றாள்.

பின்னிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள்
சுண்டெலி
(பொருந்தாவிட்டாலும் இருக்கட்டும்)