ஈரச்சாக்கு

அருப்புக்கோட்டை
12.5.2024

அன்புள்ள தங்கலட்சுமிக்கு,

புருஷன்காரன் போனில் பேசாமல் கடிதம் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறானே என்று நினைப்பாய். போனில் சொல்ல வாய் வரவில்லை.

நீ துபாய்ப் பள்ளிக்கூடத்துக்குப் பாட்டு வாத்தியாராகப் போகும்போது என்னிடம் விட்டுவிட்டுப் போன, அம்மா பெரிய பிடில் என்று சொல்லும் செல்லோ பிளந்துவிட்டது. பக்கப்பலகையும் முதுகுப்பலகையும் சேரும் இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வாய் திறந்து கிடக்கிறது. பதினோரு நாளாகிறது. நீ கேட்டபோதெல்லாம் நல்லா இருக்கு என்று பொய் சொன்னேன். சென்னையில் சினிமாப் பாட்டுக்கெல்லாம் இருபது வருஷம் நீ வாசித்தது, என் கையில் ஒரு கோடை தாங்கவில்லை.

கருத்தப்பாண்டி ஆசாரி பசை டப்பாவோடு வந்து உட்கார்ந்துவிட்டார். "அரைமணி நேரத்துல ஒட்டிருவேன். அவுகளுக்குத் தெரியவே தெரியாது" என்றார். எனக்கும் ஆசைதான். ஆனாலும் திருப்பி அனுப்பிவிட்டேன். உன்னைக் கேட்காமல் நான் ஒன்று செய்யப்போய்த்தான் நீ கடல் தாண்டிப் போனாய்.

இதைப் படித்துவிட்டு அங்கேயே இன்னும் இரண்டு வருஷ வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது.

உன்
சோலைச்சாமி

துபாய்
13.5.2024

அன்புள்ள அத்தானுக்கு,

பதினோரு நாள் பொய்யைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். ஆசாரியைத் திருப்பி அனுப்பினீர்களே, அந்த மட்டும் என் வயிற்றில் பால் வார்த்தீர்கள். அந்த இடத்தில் வேண்டுமென்றே லேசான பசைதான் போடுவார்கள். மரம் காய்ந்து சுருங்கினால் ஒட்டு விட்டுக்கொடுக்கும், பலகை பிழைத்துக்கொள்ளும். ஆசாரியின் பசை இறுகியிருந்தால் அடுத்த வெயிலுக்குப் பலகையே வெடித்திருக்கும்.

ஆனால் ஏற்கெனவே வெடித்திருந்தால்? முன்பலகையில், தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரைக்குக் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். மரத்தின் ரேகையோடு மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தால், அது இனிப் பழைய குரல் கொடுக்காது.

கையெழுத்து விஷயம் மே முப்பதுக்குள் சொல்ல வேண்டும். போன வருஷம் சென்னையிலிருந்து இருபது வாத்தியத்துக்கு இசைக்குறிப்பு எழுதித்தரக் கூப்பிட்டவர்களிடம், என் போனை எடுத்து "அவ வரமாட்டா" என்றீர்கள். அப்போது நான் அடுப்படியில்தான் நின்றிருந்தேன். பத்தடி தூரம்.

தங்கலட்சுமி

அருப்புக்கோட்டை
14.5.2024

அன்புள்ள தங்கலட்சுமிக்கு,

வெடிப்பு இல்லை. கண்ணாடி போட்டு ஒரு தடவை, கழற்றிவிட்டு ஒரு தடவை பார்த்தேன். விரலால் தடவியும் பார்த்தேன். இல்லவே இல்லை.

ஒன்று சொல்ல மறந்தேன். பாவு நூல் காய்ந்து அறுந்துபோகாமலிருக்க நம் தறிச் செட்டில் ஈரச்சாக்கு தொங்கவிடுவோமே, ஒட்டு விட்ட அன்றைக்கே அந்த அறை சன்னல்களிலும் நாலு சாக்கு கட்டினேன். மூன்று வேளையும் நனைக்கிறேன். "எனக்குக் காய்ச்சல் வந்தப்பக்கூட நீ இப்படிப் பாக்கலயேடா" என்கிறாள் அம்மா. தப்பென்றால் சொல், அவிழ்த்துவிடுகிறேன்.

நேற்று அதே சென்னைக்காரர்கள் என்னிடமிருக்கும் உன் பழைய நம்பருக்குக் கூப்பிட்டார்கள். "அவகிட்டயே கேளுங்க" என்று துபாய் நம்பரைக் கொடுத்தேன். வேறொன்றும் பேசவில்லை.

அன்றைக்கு நான் சொன்னது தப்பு. சென்னைக்குப் போனால் திரும்ப மாட்டாய் என்று பயந்தேன். பயந்து, துபாய்க்கே அனுப்பிவைத்தேன்.

உன்
சோலைச்சாமி

துபாய்
16.5.2024

அன்புள்ள அத்தானுக்கு,

சாக்கை அவிழ்க்காதீர்கள். காற்றை ஈரமாக வைக்கவென்றே இங்கே மெஷின் வைத்திருக்கிறார்கள். நீங்கள் சாக்கிலேயே பலகையைக் காப்பாற்றிவிட்டீர்கள். செல்லோ மேல் மட்டும் தண்ணீர் படக்கூடாது.

வெடிப்பில்லை என்று படித்ததும் பள்ளிக்கூடக் கழிவறைக்குப் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்துதான் வகுப்பெடுத்தேன்.

சென்னைக்காரர்கள் பேசினார்கள். ஜூலையில் வேலை. ஒத்துக்கொண்டேன். உங்களைக் கேட்காமல்தான் ஒத்துக்கொண்டேன், அதற்கும் இதற்கும் சரியாகப் போயிற்று. இங்கே கையெழுத்துப் போடவில்லை. ஜூன் இரண்டாம் தேதி மதுரையில் இறங்குகிறேன், ஏர்போர்ட்டுக்கு வந்துவிடுங்கள். அத்தையிடமும் சொல்லுங்கள்.

ஒட்டைச் சரிசெய்யச் செல்லோவைச் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும். ரயிலில் அதற்கு ஒரு சீட்டு, எனக்கு ஒரு சீட்டு. உங்களுக்கும் ஒன்று போடட்டுமா?

கேட்டுவிட்டுச் செய்யலாமென்றுதான் கேட்கிறேன்.

உங்கள்
தங்கம்