படைக்கும் முன் எடுத்த பொங்கல்

15 ஜனவரி, வியாழன்

பக்கத்து வீட்டு சரோஜாவின் தூக்குவாளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வெல்ல வாசனை மட்டும் இன்னும் என் கையில் இருப்பதுபோல் இருக்கிறது. தூக்கம் வரவில்லை.

பாப்பாரப்பட்டிக்கு நாங்கள் குடிவந்தபின் வரும் முதல் பொங்கல் இது. காலையில் அவள் தூக்கு நிறையப் பொங்கல் கொண்டுவந்தாள். படைத்ததை நாங்கள் சாப்பிடுவதில்லை. முகத்துக்கு நேரே மறுக்க மனம் வராமல் சிரித்துக்கொண்டே வாங்கினேன். அவள் போனதும் கொல்லையில் கட்டியிருந்த பசுவுக்கு வைத்துவிட்டேன். விசுவாசத்தைக் காத்துக்கொண்டோம் என்று கொஞ்சம் பெருமைகூட வந்தது.

சாயங்காலம் தூக்கைக் கொடுக்கப் போனேன்.

“படைச்சத நீங்க சாப்பிட மாட்டீங்கன்னு தெரியுங்க்கா. அதான் பானை பொங்குனதும் மொதல்ல உங்க வூட்டுக்கு எடுத்து வெச்சிட்டு, அப்புறந்தான் சூரியனுக்கே படைச்சேன். இனிப்பு சரியா இருந்துச்சுங்களா?”

“நல்லா இருந்துச்சும்மா” என்றேன். பொய்.

தையல் கூலி வந்தால் முதல் பங்கைக் காணிக்கை உறையில் போட்டுவிட்டுத்தான் நான் அரிசி வாங்குவேன். முதலாவது ஆண்டவருக்கு, மிச்சம்தான் நமக்கு என்று பிள்ளைகளுக்கும் சொல்லித்தந்திருக்கிறேன். சரோஜா தன் முதலாவதை எனக்குக் கொடுத்தாள். அதை நான் மாட்டுக்கு வைத்தேன்.

ஜெபிக்கக் கண்ணை மூடினேன். அவள் வீட்டு வாசலில் பானை பொங்குகிறது. முதல் கரண்டியை எனக்கென்று எடுத்து வைக்கிறாள். அவள் எடுத்து முடிக்கிறவரைக்கும் சூரியன் வேலிக்கு மேலே ஏறாமல் காத்துக்கொண்டு நிற்கிறது.